அணைக்கு மேலயா, கீழயா?

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுமீன் வாங்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். ஏழரை மணி தாண்டினால் மிஞ்சுவது கடல்மீனும் ஐஸ் தண்ணீரும்தான். புன்னைக்காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வண்டியில் வந்து இறங்கும் சாளை, நெத்திலி, ஊளி, பாறைக்கு நடுவே ஓரமாகச் சாக்கை விரித்து இரண்டு மூன்று பேர்தான் ஆற்றுமீன் வைத்திருப்பார்கள். கெண்டை, கெளுத்தி, ஆரால், எப்போதாவது ஒரு விரால். எல்லாவற்றையும்விடக் கூடுதலாகச் சிலேபி. 1952-இல் நம் நாட்டுக்குள் கொண்டுவந்து விட்ட மீன் அது. இன்று ஆற்றுமீன் என்று கேட்டாலே பலர் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

நான் தேடிப் போனது விலாங்கு. பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று முறை போனேன், மூன்று முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். ஆற்றுமீன் விற்கும் ஆச்சி ஒருவருக்கு என் முகம் பழகிவிட்டது.

“மருந்துக்கா தம்பி கேக்குதிய?”

மூல நோய்க்கு விலாங்கு நல்லது என்பது இந்தப் பக்கத்தில் காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. அதனால் விலாங்கு கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் வருவார்களாம். இல்லை ஆச்சி, பார்க்கணும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “போன் நம்பரக் குடுத்துட்டுப் போங்க. வந்தா சொல்லுதேன்” என்றார்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் போன் வந்தது. “வந்திருக்கு. வெரசா வாங்க.”

ஈரச் சாக்கால் வாயைக் கட்டிய பிளாஸ்டிக் குடத்துக்குள் அது சுருண்டு கிடந்தது. தண்ணீர் ஒரு சாண் உயரம்கூட இல்லை. விலாங்குக்கு அது போதும், தோல் ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவும் மூச்சுவிடும். ஆச்சி குடத்தைச் சரித்துக் காட்டினார். என் கை நீளம், மணிக்கட்டுப் பருமன். மஞ்சள் கலந்த பழுப்பு முதுகில் பாசி படிந்த கல்லைப்போலத் திட்டுத் திட்டாகக் கறுப்பு. தலைக்குப் பின்னால் இருபுறமும் வெற்றிலைக் கொழுந்து அளவுக்குச் சின்னத் துடுப்பு. முதுகுத் துடுப்பு உடம்பின் முன்பாதியிலேயே தொடங்கி, வாலைச் சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வரை ஒரே விளிம்பாக ஓடியது. தாமிரபரணியில் இரண்டு வகை விலாங்கு உண்டு. திட்டுகள் உள்ளது ஒன்று, ஒரே நிறமாக இருப்பது இன்னொன்று. திட்டில்லாத வகைக்கு முதுகுத் துடுப்பு வெகு பின்னால்தான் தொடங்கும். குடத்தில் இருந்தது முதல் வகை. விரலால் தொட்டேன். கோழை விரலோடு நூலாக இழுத்து வந்தது.

“எங்க பிடிச்சது ஆச்சி? அணைக்கு மேலயா, கீழயா?”

“கீழதான். ஏரல் பக்கம். மேல எங்க கெடக்கு இப்போ?”

நான் கேட்க வந்த கேள்வியே இதுதான். இது ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால், குடத்துக்குள் கிடந்த அந்த உயிர் எங்கே பிறந்து எப்படி ஏரலுக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் சந்தையைப் பற்றிக் கொஞ்சம். மீனைத் தேடுகிறவர்கள் ஆற்றுக்குப் போகும் முன் சந்தைக்குப் போவது பழைய வழக்கம். இன்றும் தாய்லாந்தின் சிற்றூர்க் காலைச் சந்தைகளில், மீகாங்கிலும் அதன் கிளைகளிலும் இரவு பிடித்ததை வாழையிலையில் பரப்பி வைத்திருக்கும் பெண்களிடம்தான் மீன் ஆய்வாளர்கள் முதலில் போய் நிற்கிறார்கள். 1997-இல் இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தையில், தேனிலவுக்கு வந்திருந்த மார்க் எர்ட்மன் தம்பதியின் கண்ணில் ஒரு கைவண்டியில் போன சீலகாந்த் பட்டது. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித்தான் அது வாழ்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஓர் ஆற்றின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது அந்த ஊர் மீன்கூடையில் தெரியும். ஸ்ரீவைகுண்டத்துக் கூடையில் எனக்குத் தெரிந்தது விலாங்கு இல்லாத வெற்றிடம்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று விலாங்கை வைத்து நாம் ஒரு பழமொழி சொல்கிறோம், இரண்டு பக்கமும் நல்லபிள்ளையாக நடப்பவனைத் திட்டுவதற்கு. எனக்கு அது அந்த மீனுக்குச் செய்த அநியாயமாகவே படுகிறது. விலாங்குக்கு இரண்டு முகம் கிடையாது. இரண்டு வீடு உண்டு. கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, சாகக் கடலுக்கே போகிற மீன் அது. ஆராலும் நீளமாக வழவழவென்று இருக்கும். ஆனால் அது உள்ளூர்த் தண்ணீரிலேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடும். விலாங்குக்கு அது முடியாது.

விலாங்கு எங்கே முட்டையிடுகிறது என்பதை உலகம் வெகுகாலம் அறியவில்லை. அதன் வயிற்றில் முட்டையை யாரும் பார்த்ததில்லை என்பதால் சேற்றிலிருந்து தானாகப் பிறக்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 1876-இல் சிக்மண்ட் பிராய்டு, மனதை ஆராயப் புகும் முன்பு, மாணவராக இருந்த நாளில், டிரியெஸ்ட் நகரில் உட்கார்ந்து ஏறக்குறைய நானூறு விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். உறுதியான விடை கிடைக்கவில்லை. அதே 1876-இல்தான் ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் இருந்தவர்களின் கதை அன்று வெளியே வரத் தொடங்கியது. பக்கத்து ஆற்றுக்குள் இருந்த விலாங்கின் கதை வெளிவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்னஸ் ஷ்மிட் 1904 முதல் அட்லாண்டிக் கடலை வலைபோட்டு அரித்தார். ஒவ்வொரு பயணத்திலும் முன்பைவிடச் சிறிய குஞ்சு கிடைக்கும் திசையிலேயே போனார். ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் பிறக்கிறது என்று 1922-இல் எழுதினார். பின்னர் 1928-இலிருந்து 1930 வரை ‘டானா’ என்ற கப்பலில் உலகைச் சுற்றிய அவருடைய குழு, சுமத்ராவுக்கு மேற்கே ஆழ்கடலில் மிகச் சிறிய விலாங்குக் குஞ்சுகளைப் பிடித்தது. நம் இந்தியப் பெருங்கடல் விலாங்குகளின் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஜப்பானிய விலாங்கின் முட்டையையே 2009-இல் குவாம் தீவுக்கு அருகே நடுக்கடலில் எடுத்துவிட்டார்கள்.

அங்கே பிறக்கும் குஞ்சு மீன் மாதிரியே இருக்காது. அரளி இலையைக் கண்ணாடியில் செய்து தண்ணீரில் விட்டதுபோலத் தட்டையாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். நீந்தும் வலு கிடையாது. நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் மாதக்கணக்கில் மிதக்கும். சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து மன்னார் வளைகுடா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கரையின் நன்னீர் வாசம் தட்டும் தூரத்துக்கு வந்தபின் இலை சுருங்கி நூலாகிறது. ஒரு விரல் நீளம், இன்னமும் நிறம் இல்லை. உள்ளே முள்ளும், இரண்டு கறுப்புப் புள்ளியாகக் கண்ணும் மட்டும் தெரியும்.

இந்த நூல்தான் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நுழைகிறது. பொதிகையிலிருந்து வரும் தண்ணீர் கடலில் கலக்கும் இடம் அது. ஆறு கடலுக்குப் போகாத நாளில் அந்த வாசம் கடலுக்குள் போகாது. வாசம் போகாவிட்டால் குஞ்சுக்கு வழி தெரியாது. “தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது” என்று நாம் சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். கடலில் கலக்கும் அந்தத் தண்ணீர்தான் விலாங்குக்கு விலாசம்.

உள்ளே வந்ததும் நிறம் ஏறும். பகலில் மணலுக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் ஒடுங்கி, இரவில் கரையோரமாக ஏறும். பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஏரல் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து வரும். கடலோடு தொடர்பு போய்விட்ட பழைய துறைமுகமான கொற்கையின் பக்கமாகவும் வரும். ஒதுங்கக் கல்லும் மணலும் வேண்டும். இந்த ஆற்றில் மணல் அள்ளிய வேகத்தைப் பார்த்து 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை போட வேண்டி வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கடலிலிருந்து நேர்கோடு போட்டால் 25 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது ஸ்ரீவைகுண்டம் அணை. ஆறு மலையிறங்கி வருகையில் இது எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு. விலாங்குக்கு எதிர்ப்படும் பெரிய சுவர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் இதற்கும் பழையவை. எட்டாவதை வெள்ளைக்காரர்கள் 1869-இல் தொடங்கி 1870-களின் தொடக்கத்தில் முடித்தார்கள். இரு கரையிலும் வடகால், தென்கால் பிரிந்து இருபத்தைந்தாயிரம் ஏக்கருக்கு நீர் பாய்கிறது. வடகால் தூத்துக்குடி ஓரத்துக் கோரம்பள்ளம் குளம் வரை போகிறது. அந்த வயல்களின் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த அணை எழும்பிய அதே வருடங்களில், மதராஸ் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே இதே விஷயத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கொள்ளிடத்தில் கட்டிய அணைகளால் உல்லம் மீன் மேலே ஏற முடியாமல் போனதை ஆராய அவரை அனுப்பியிருந்தார்கள். 1873-இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அவர் எழுதிய அறிக்கை வெளிவந்தது. அணை கட்டுகிறபோதே மீன் ஏறுவதற்கு வழி வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நூற்றைம்பது ஆண்டாகிறது. நம் அணையில் மண்ணை வெளியேற்ற மணல்வாரி உண்டு, வாய்க்காலுக்கு மதகு உண்டு, மீனுக்கு ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் விலாங்கு கேட்பது மிகக் கொஞ்சம். உல்லத்தைப்போல அதற்குத் துள்ளி ஏறும் படிக்கட்டு வேண்டாம். சொரசொரப்பான ஈரச் சுவர் இருந்தால் போதும், விரல் நீளக் குஞ்சு செங்குத்தாகக்கூட ஒட்டி ஊர்ந்து ஏறிவிடும். அணை வழிந்து ஓடிய காலங்களில் அப்படித்தான் ஏறியிருக்கின்றன. எங்கள் தாத்தா காலத்தில் முறப்பநாட்டுப் படித்துறைக் கல்லிடுக்கில் மண்புழுத் தூண்டில் போட்டு விலாங்கு பிடித்த கதைகள் வீட்டில் உண்டு. முறப்பநாடு அணைக்கு மேலே இருக்கிறது. ஆக, வழி இருந்தது. வழியை மூடியது சுவர் மட்டும் இல்லை, சுவர்மேல் தண்ணீர் வழியாத நாட்களின் எண்ணிக்கையும்தான். மேலே எட்டுத் திசைக்கும் தண்ணீர் பிரிகிறது. அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கென்று ஒரு நாளைக்கு இரண்டு கோடி கேலன் எடுக்கும் திட்டம் வந்தது. அணைக்குள் மண் மேடேறி அமலைச்செடி மண்டிக் கிடப்பதைப் பாலத்தில் நின்று யாரும் பார்க்கலாம். சித்திரையில் நான் பார்த்தபோது அணையின் கீழ்ப்புறக் கற்கள் சுட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கல்லில் ஒரு குஞ்சு எப்படி ஏறும்?

ஏறிவிட்டால் அதற்கு நீண்ட வாழ்வு. பத்து, பதினைந்து ஆண்டு, அதற்கு மேலும் ஆற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் இருக்கும். மழை ஈரத்தில் புல்லுக்குள் ஊர்ந்து கிணற்றுக்குள்ளும் இறங்கும். சுவீடனில் பிரான்டேவிக் என்ற ஊர்க் கிணற்றில் 1859-இல் ஒரு பையன் விட்டதாகச் சொல்லப்படும் விலாங்கு 2014-இல்தான் செத்துக் கிடந்தது. நண்டு, தவளை, சிறுமீன், செத்தது, எல்லாம் தின்னும். ஆற்றைத் துப்புரவாக வைக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று.

பிறகு ஒரு வருடம் அதற்கு அழைப்பு வரும். கண் பெரிதாகும். வயிறு வெளுத்து வெள்ளியாகும். இரைப்பை சுருங்கும், தீனியை நிறுத்திவிடும். வெள்ளம் வரும் இரவுக்காகக் காத்திருந்து இறங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோய், ஊரே தண்ணீருக்குள் தத்தளித்ததே, அது நமக்குப் பேரிடர். வீட்டையும் மாட்டையும் இழந்தவர்களிடம் அதைப் பற்றி வேறு எதுவும் பேசக் கூடாது. விலாங்கின் கணக்கில் அப்படிப்பட்ட இரவுகள்தான் கடலுக்குக் கதவு திறக்கும் இரவுகள். இறங்கியது, தின்னாமல் சுமத்ராப் பக்கம் வரை நீந்திப் போய், ஒரே ஒரு முறை முட்டையிட்டு, அங்கேயே முடிந்துவிடும். ஊர் திரும்புவது அதன் குஞ்சுதான், அதுவும் இதே ஆற்றுக்குத்தான் வரும் என்ற உறுதி இல்லாமல்.

குடத்தில் இருந்ததன் கண் இன்னும் சிறிதாகத்தான் இருந்தது. வயிற்றில் மஞ்சள் இருந்தது. அதற்கு இன்னும் ஆற்றில் வருடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

என்னோடு அன்று இன்னொருவரும் காத்திருந்தார். அவருக்கு மருந்துக்கு வேண்டும். விலாங்கை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, கல்லில் வைத்து, கோழை போகும்வரை உரசணும், இல்லாவிட்டால் கத்தி நிற்காது என்று ஆச்சி கையால் செய்து காட்டினார். நன்றாக வேகவைக்கணும் என்றார். அது சரியான பேச்சு. விலாங்கின் பச்சை ரத்தத்தில் நஞ்சு உண்டு, வெந்தால்தான் போகும். புளியும் பூண்டும் தூக்கலாகப் போட்டு வைத்த விலாங்குக் குழம்பை நானும் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறேன். ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. விலாங்கைச் சாப்பிடுகிறவர் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தூண்டில் போட்டா இந்த மீன் அருகிப் போனது? வழி போனதால் போனது.

மருந்துக்குக் காத்திருந்தவரிடம் அந்த விலாங்கைக் கேட்டுக்கொண்டேன். விட்டுக்கொடுத்தார், ஆச்சி அவருக்கு ஒரு விராலை எடுத்துக் கொடுத்தார். நான் ஆச்சி சொன்ன விலையைக் கொடுத்து, குடத்தையும் இரவல் வாங்கி, ஆட்டோவில் வைத்துக்கொண்டு, அணைக்கு மேற்கே தண்ணீர் நிற்கும் கரைக்குப் போனேன். சாக்கை அவிழ்த்துச் சரித்தேன். அது அவசரப்படவில்லை. தலையை நீட்டித் தண்ணீரை மோந்து பார்த்ததுபோல இருந்தது. பிறகு கல்லுக்கு அடியில் போய்விட்டது.

ஒருவர் குடத்தில் தூக்கி வைத்து ஓர் ஆற்றைச் சரிசெய்ய முடியாது. ஆனால் செலவு அதிகம் இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பாவில் ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட பிறகு அணைகளில் அதை வைக்கிறார்கள். சரிவாக ஒரு தொட்டிப் பலகை, அதில் பிரஷ் போல நெருக்கமாகக் குச்சிகள், மேலிருந்து குழாய் அளவுக்கு விடாமல் கசியும் தண்ணீர். அவ்வளவுதான். குஞ்சு அந்தக் குச்சிகளுக்குள் வளைந்து வளைந்து ஏறிவிடும். பாசன நீரில் அது ஒரு வயலின் பங்குகூட ஆகாது. ஸ்ரீவைகுண்டம் அணையில் அடுத்த முறை மராமத்து வேலை நடக்கும்போது நீர்வளத்துறையினர் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும், புன்னைக்காயலில் கடல் காணும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீரையும் ஆண்டு முழுக்க விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசிக்கும் தாமிரபரணிக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2011 முதல் இந்த ஆற்றுப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் கூடி நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடப் போகிறார்கள். மீனுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும், அதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை, காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் போதும். ஏரலிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ முறப்பநாட்டிலோ ஒரு விலாங்கைப் பார்த்தால் தேதியை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு முழக்கோலை வைத்துப் படம் எடுங்கள். விற்பவரிடம் மறக்காமல் கேளுங்கள், அணைக்கு மேலே பிடித்ததா, கீழே பிடித்ததா என்று. மேலே என்று பதில் வந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெரசா வருகிறேன்.